ஜப்பானின் மலை வெந்நீர் விடுதியில் தங்குவது: ஷிமாவின் செகிஸென்கானை முன்வைத்து ஒரு பதில்

கேள்வி: அக்டோபர் கடைசியில் குடும்பத்தோடு ஜப்பான் போகிறோம். அம்மா, அப்பா இருவருக்கும் அறுபத்தைந்து தாண்டிவிட்டது. அம்மா சுத்த சைவம். மலைக்குள் இருக்கும் பழைய வெந்நீர் ஊற்று விடுதி ஒன்றில் ஒரு ராத்திரி தங்க ஆசை. எங்கே போகலாம், என்னென்ன தெரிந்துகொண்டு போக வேண்டும்?

பதில்: முதலில் அந்த ‘ஒரு ராத்திரி’யை இரண்டாக்கப் பாருங்கள். இந்த விடுதிகள் வழிப்போக்கர் படுத்து எழுந்து போவதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. வயல்வேலையில் உடம்பு நொந்துபோன குடியானவர்கள் அரிசி மூட்டையோடு வந்து, ஏழு நாளை ஒரு சுற்று என்று கணக்கு வைத்து, வாரக்கணக்கில் ஊறி எழுந்த இடங்கள் இவை. அந்த வழக்கத்துக்கு ‘தோஜி’ என்று பெயர், வெந்நீரால் குணமாக்குதல் என்று பொருள். பிற்பகல் மூன்று மணிக்கு நுழைந்து மறுநாள் காலை பத்து மணிக்கு வெளியேறினால் கையில் இருப்பது பத்தொன்பது மணி நேரம். தூக்கமும் இரண்டு வேளைச் சாப்பாடும் போக மிச்சமுள்ள நேரத்துக்குள் எல்லாத் தொட்டியிலும் இறங்கிவிட வேண்டும் என்று அவசரப்படுகிறவர்களுக்குத்தான் தலைசுற்றல் வருகிறது. முக்கியமாக, வயதானவர்களுக்கு அந்த அவசரம் கூடவே கூடாது.

இடம் என்று கேட்டால், குன்மா மாகாணத்தின் ஷிமாவைச் சொல்வேன். டோக்கியோவுக்குப் பக்கத்திலுள்ள பேர்பெற்ற வெந்நீர் ஊரான ஹகோனே அளவுக்குக் கூட்டம் இல்லை, டோக்கியோவிலிருந்து அரை நாளில் போய்விடலாம், தண்ணீரும் மென்மையானது. ‘ஷிமா’ என்பதை எழுதும் இரண்டு எழுத்துகளின் பொருள் நாற்பதாயிரம். நாற்பதாயிரம் நோய்களைத் தீர்க்கும் நீர் என்று ஊர்க்காரர்கள் பெயர்க்காரணம் சொல்வார்கள். 1954-ல் ஜப்பான் அரசு ‘தேசிய ஆரோக்கிய வெந்நீர்த் தலங்கள்’ என்று முதன்முதலாக அறிவித்த இடங்களில் இதுவும் ஒன்று. உடன் அறிவிக்கப்பட்டவை அவொமோரியின் சுகாயுவும் நிக்கோவின் யுமோதோவும்.

அங்கே செகிஸென்கான் என்ற விடுதி இருக்கிறது. ‘நற்செயல் சேர்க்கும் இல்லம்’ என்பது அந்தப் பெயரை எழுதும் எழுத்துகளின் பொருள். சிவப்புக் கைப்பிடி போட்ட சிறு பாலத்தைக் கடந்ததும் எதிரே நிற்கும் மரக்கட்டடம் 1691-ல் எழுந்தது. 1694-லிருந்து விருந்தினரை ஏற்று வருகிறது. மாகாண அரசு அதைப் பண்பாட்டுச் சொத்தாகப் பாதுகாக்கிறது. மலைச்சரிவில் அதற்கு மேலே 1936-ல் கட்டிய ‘சன்ஸோ’ இருக்கிறது, அதற்கும் மேலே 1986-ல் வந்த ‘கஷோதெய்’. மூன்றையும் சுரங்க நடையும் மின்தூக்கியும் இணைக்கின்றன. பதிவு செய்யும்போது இந்த மூன்றில் எது என்று பார்க்காமல் ‘செகிஸென்கான்’ என்ற பெயரை மட்டும் பார்த்துப் பணம் கட்டுவதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. கஷோதெய் வசதியானது, விலை கூடியது, சாப்பாடு பல பாத்திரங்களில் அணிவகுத்து வருவது. கீழே இருக்கும் பழைய கட்டடம் தோஜி வழக்கத்தின் தொடர்ச்சி: எளிய அறை, எளிய சாப்பாடு, குறைந்த உபசாரம், குறைந்த விலை. பழமைக்காகப் போகிறவர்களுக்கு அதுதான் சரியான இடம். ஆனால் மெல்லிய சுவர் வழியே பக்கத்து அறைப் பேச்சு கேட்கும், மரத்தளம் முனகும், படிக்கட்டு செங்குத்தாக இருக்கும். கழிப்பறை அறைக்குள்ளா, நடைக்கு வெளியிலா என்று அறைக்கு அறை கேட்டுத்தான் பதிவு செய்ய வேண்டும். பெற்றோருக்கு முழங்கால் வலி இருந்தால் சன்ஸோவிலோ கஷோதெய்யிலோ அறை எடுத்துவிட்டு, பழைய கட்டடத்தின் குளியல் கூடத்துக்கு இறங்கி வாருங்கள். எந்தக் கட்டடத்தில் தங்கினாலும் அங்கே குளிக்கலாம்.

அந்தக் கூடத்தின் பெயர் ‘கென்ரோகு நோ யு’. விடுதி தொடங்கிய கென்ரோகு காலத்தின் பெயரைத் தாங்கினாலும் கூடம் 1930-ல் கட்டியது. உயரமான வளைவு ஜன்னல்கள், ஓடு பதித்த தரை, அந்தத் தரையில் புதைத்த ஐந்து கல் தொட்டிகள். மேற்கத்திய பாணி மோகத்தில் கட்டிய ஜப்பானியக் குளியல் கூடங்களில் இவ்வளவு நன்றாக மிஞ்சியிருப்பவை சொற்பம். காலை வெயில் அந்த ஜன்னல் வழியே ஆவியில் விழும் நேரத்தைத் தவறவிடாதீர்கள். சுவரோரம் குனிந்து நுழையும் சிறிய நீராவி அறைகளும் உண்டு. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கூடம். ஆனால் முதல்முறை போகிறவர்களைத் திகைக்க வைக்கும் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: உடை மாற்றத் தனி அறை கிடையாது. கதவைத் திறந்தால் அதே கூடத்தின் ஓரத்தில் துணி வைக்கும் தட்டு, நாலு அடி தள்ளித் தொட்டி. சோப்புப் போட்டுக் குளிக்கும் குழாய்களும் மிகக் குறைவு. அதனால் வேறொரு குளியலறையில் நன்றாகத் தேய்த்துக் குளித்துவிட்டு, ஊறுவதற்கு மட்டும் இங்கே வருவது நல்லது.

இனி வழி. உயெனோவிலிருந்து ‘குசாட்சு-ஷிமா’ என்ற விரைவு ரயில் நகானோஜோ நிலையத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரத்தில் போகும். எல்லா இருக்கைகளும் முன்பதிவு. டிக்கெட் இல்லாமல் ஏறி இடம் தேட முடியாது. ஷின்கான்சென் எனும் அதிவேக ரயிலில் தாகாசாகி வரை போய், அங்கிருந்து அகாட்சுமா பாதையின் சாதாரண ரயிலில் ஒரு மணி நேரம் வருவது இன்னொரு வழி. நகானோஜோவிலிருந்து ஷிமாவுக்குப் பேருந்து, சுமார் நாற்பது நிமிடம். அந்தப் பேருந்து தனியார் கம்பெனியுடையது, வெளிநாட்டுப் பயணிகள் வாங்கும் ‘ஜே.ஆர். பாஸ்’ என்ற ரயில் சீட்டு அதில் செல்லாது. சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். டோக்கியோ நிலையத்திலிருந்து நேரடிப் பேருந்தும் உண்டு. மூன்றரை மணி நேரம் ஆகும். மாறி ஏறும் தொல்லை இல்லாததால் பெற்றோருக்கு அதுவே சௌகரியம். எதில் போனாலும் ஐந்து மணிக்குள் விடுதிக்குள் இருக்கும்படி திட்டமிடுங்கள். ராத்திரிச் சாப்பாடு ஆறு, ஆறரைக்கே தொடங்கிவிடும். தாமதமாக வந்தால் சமையல் ஆட்கள் போயிருப்பார்கள், அந்த வேளைக்குக் கட்டிய பணமும் போய்விடும். மலை ஊர்ப் பேருந்துகளும் மாலையிலேயே நின்றுவிடும்.

பெரிய பெட்டிகளை மலைக்கு எடுத்துப் போகாதீர்கள். ‘தக்யூபின்’ எனும் பார்சல் சேவையில் டோக்கியோ ஓட்டலிலிருந்து அடுத்த ஊர் ஓட்டலுக்கு அனுப்பிவிட்டு, இரண்டு நாள் துணியோடு ஒரு பை போதும். ததாமி பாயின் மேல் சக்கரப் பெட்டியை உருட்டினால் பாய் கிழியும்.

கட்டணம் அறைக்கு அல்ல, ஆளுக்கு. ராத்திரிச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்த்துத்தான் வழக்கமாக விலை சொல்வார்கள். இதைக் கவனிக்காமல் ‘அறை மலிவு’ என்று மகிழ்ந்து, கடைசியில் நான்கு மடங்கு பில் பார்த்து அதிர்ச்சியாகிறவர்கள் பலர். வெந்நீர் ஊற்று வரி தனி. பெரும்பாலான ஊர்களில் ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 150 யென். அன்பளிப்பு கொடுக்கும் வழக்கம் இல்லை.

சைவச் சாப்பாட்டை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் தமிழ்க் குடும்பங்களின் பயணம் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். ஜப்பானியச் சமையலின் அடித்தளம் ‘தாஷி’ என்ற சாறு. வழக்கமாக அது கட்சுவோ மீனை வேகவைத்து, புகையூட்டி, கட்டைபோல உலர்த்திச் சீவிய துருவலிலிருந்து வருவது. மிசோ சூப், வேகவைத்த காய்கறி, தெம்புரா (மாவில் தோய்த்துப் பொரித்தது) தொட்டுக்கொள்ளும் சாறு, குளிர் நூடுல்ஸின் சாறு, கீரைக்கூட்டு போலத் தெரியும் சிறு கிண்ணம் என்று கண்ணுக்கு மீனே தெரியாத பதார்த்தங்களில் எல்லாம் அது இருக்கும். ‘இறைச்சி சாப்பிட மாட்டோம்’ என்று மட்டும் சொன்னால் மீன் வரும். ‘மீனும் வேண்டாம்’ என்றால் மீன் சாறில் வெந்த காய்கறி வரும். சமையற்காரர் ஏமாற்றவில்லை, அவர் கணக்கில் சாறு மீன் அல்ல. ஆகவே சொல்ல வேண்டிய வாக்கியம் இது: ‘நிகு மோ, சகானா மோ, கட்சுவோதாஷி மோ தபெராரெமாசென்’. இறைச்சியும் மீனும் கட்சுவோச் சாறும் சாப்பிட இயலாது என்று பொருள். முட்டையும் கூடாது என்றால் ‘தமாகோ மோ’ என்று சேருங்கள். இதை ஜப்பானிய எழுத்தில் அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள். கொம்பு என்ற கடற்பாசியாலோ ஷீதாகே காளானாலோ சாறு வைக்க முடியுமா என்று பதிவு செய்யும்போதே எழுதிக் கேளுங்கள். போய் இறங்கிய அன்று கேட்டால் எந்த விடுதியாலும் முடியாது. பொருள் வாங்கி, சாறு முந்தின நாளே தயாராகியிருக்கும். முடியாது என்று முன்கூட்டியே பதில் வந்தால் வருத்தப்படாதீர்கள், அதுதான் நேர்மையான பதில்.

அப்படிப் பதில் வந்தால் ‘சுதோமாரி’ என்று சாப்பாடு இல்லாத தங்கலோ, காலைச் சாப்பாடு மட்டுமோ கேட்கலாம். ராத்திரிக்கு வேண்டியதை டோக்கியோவிலோ தாகாசாகியிலோ வாங்கி வாருங்கள், ஷிமாவில் பெரிய கடைகளை நம்ப வேண்டாம். ஆனால் அறைக்குள் சமைக்கக் கூடாது. முந்நூறு வருட மரக்கட்டடத்தில் தீ என்ற சொல்லுக்கே இடமில்லை, மசாலா வாசனையும் ததாமியின் வைக்கோலில் ஏறினால் நாள்கணக்கில் போகாது. சமைத்தே ஆக வேண்டும் என்றால் ஷிமாவை விட்டுவிட்டு, வடக்கே இவாதே மாகாணத்தின் ஹனாமாகி பக்கம் ஓஸாவா ஆன்செனை (‘ஆன்சென்’ என்றால் வெந்நீர் ஊற்று) பாருங்கள். அங்கே ‘தோஜியா’ என்ற பழைய பகுதியில், தங்குவோர் தாங்களே சமைத்துக்கொள்ளும் பொதுச் சமையலறை இன்றும் நடக்கிறது. காசு போட்டால் எரியும் காஸ் அடுப்பு, பாத்திரங்கள், ஆற்றைப் பார்த்த அறை. அரிசியும் பருப்பும் கையிலிருந்தால் சைவக் குடும்பத்துக்கு ஜப்பான் மலையில் இதைவிட நிம்மதியான ஏற்பாடு அபூர்வம்.

குளிக்கும் முறையில் ஒன்றும் மர்மமில்லை, வரிசை மட்டும் மாறக் கூடாது. நீலத் திரை பெரும்பாலும் ஆண்களுக்கு, சிவப்பு பெண்களுக்கு. பல விடுதிகளில் ராத்திரி நடுவே இரண்டையும் மாற்றிவிடுவார்கள். நேற்று போன கதவு என்று காலையில் தூக்கக் கலக்கத்தோடு நுழைந்துவிடாதீர்கள். உடை முழுவதையும் கழற்ற வேண்டும். நீச்சல் உடைக்கும் உள்ளாடைக்கும் அனுமதி இல்லை. அது தண்ணீர் சுத்தம் சார்ந்த விதி: ஊற்று நீர் தொட்டியில் விழுந்து விளிம்பில் வழிந்து போவதுதான் நல்ல விடுதிகளின் பெருமை, அதில் சோப்பும் துணிச்சாயமும் கலக்கக் கூடாது. பெரிய துண்டை துணிக் கூடையிலேயே விட்டுவிட்டுச் சிறிய துண்டை மட்டும் எடுத்துப் போங்கள். குட்டை முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டுத் தேய்த்து, நுரை ஒரு பொட்டும் இல்லாமல் அலசுங்கள். நின்றுகொண்டு அலசினால் பக்கத்தில் இருப்பவர் மேல் தெறிக்கும். நீண்ட கூந்தலைத் தூக்கிக் கட்டுங்கள். சிறு துண்டு தொட்டி நீரைத் தொடக் கூடாது. மடித்துத் தலையில் வையுங்கள், இல்லையென்றால் விளிம்புக்கு வெளியே.

இறங்கும் முன் தொட்டியிலிருந்தே மரக்குவளையில் மொண்டு பாதம், முழங்கால், இடுப்பு, கை, தோள் என்று தூரத்திலிருந்து இதயத்தை நோக்கி ஊற்றிக்கொள்ளுங்கள். பத்துக் குவளை ஊற்றினாலும் தப்பில்லை. 42 டிகிரி நீரில் சட்டென்று இறங்கினால் இரத்த அழுத்தம் எகிறும், பிறகு உடல் சூடேறி நாளங்கள் விரிந்ததும் தாழும். அந்தத் தாழ்வில் சட்டென எழுந்து நிற்கும்போதுதான் கண் இருட்டி, வழுக்கும் ஓட்டுத் தரையில் விழுகிறார்கள். முதல் தடவை மூன்று முதல் ஐந்து நிமிடம். ஏறி உட்கார்ந்து ஆறி, வேண்டுமானால் இன்னொரு ஐந்து நிமிடம். உங்கள் பெற்றோருக்கு 41 டிகிரிக்குக் கீழே இருக்கும் தொட்டியாகப் பார்த்து, மொத்தம் பத்து நிமிடத்துக்குள் முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். தோள்வரை மூழ்காமல் நெஞ்சுக்குக் கீழே நீர் நிற்கும்படி உட்காருவதும் இதயத்தின் சுமையைக் குறைக்கும். விளிம்பைப் பிடித்து மெதுவாக எழ வேண்டும். வந்த அன்று ஒரு குளியல், பிறகு நாளுக்கு இரண்டு, மூன்று. அதற்கு மேல் ஆசைப்பட்டால் ‘யு-அதாரி’ என்று ஜப்பானியர் சொல்லும் நீர்ச்சோர்வு வரும்: உடல் கனம், பசியின்மை, தலைவலி. குளிப்பதற்கு முன்னும் பின்னும் ஒரு டம்ளர் தண்ணீர். மது அருந்தியபின் கூடாது. சாப்பிட்டு அரை மணி நேரமாவது போக வேண்டும். காய்ச்சல் இருந்தாலோ, மூச்சு முட்டும் அளவுக்கு இதய, நுரையீரல் நோய் இருந்தாலோ இறங்கவே வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு ஆகாது என்று பழைய பலகைகளில் இருக்கும்; அந்தத் தடையை 2014-ல் சுற்றுச்சூழல் அமைச்சகம் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. வழுக்கலும் சூடும் அப்படியேதான் இருக்கின்றன, கவனம் வேண்டும்.

தாலிச் சங்கிலி, மெட்டி, கொலுசு பற்றிப் பயணப் புத்தகங்கள் சொல்வதில்லை. கந்தக ஊற்றுகளில் வெள்ளி சில நிமிடங்களிலேயே கறுத்துவிடும். நீரிலுள்ள ஹைட்ரஜன் சல்பைடு வெள்ளியோடு சேர்ந்து கரும்படலமாகிறது. சுத்தத் தங்கத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் நகைத் தங்கத்தில் செம்பும் வெள்ளியும் கலந்திருப்பதால் அதுவும் மங்கலாம். ஷிமாவின் நீர் உப்பும் சல்பேட்டும் கொண்டது, அழுகிய முட்டை வாடை வராது. ஆகவே இங்கே அந்தக் கவலை குறைவு. பக்கத்து குசாட்சுவுக்கும் போவதாக இருந்தால் மெட்டியையும் கொலுசையும் அறைப் பெட்டகத்தில் வைத்துவிடுங்கள். அங்கே நீர் கடும் அமிலம், கந்தகமும் உண்டு. ஷிமாவில் குளித்து முடித்ததும் வெறும் நீரால் அலசாமல் துண்டால் ஒற்றினால் போதும். உப்பு தோலில் மெல்லிய படலமாக நின்று சூட்டைத் தக்கவைக்கும், அக்டோபர் குளிருக்கு அது உதவும். குசாட்சு போன்ற அமில நீரில் மென்மையான தோல்காரர்கள் அலசிவிடுவதே சரி.

பச்சை குத்தியவர்களைச் சேர்க்காத குளியலறைகள் இன்றும் உண்டு. பாட்டி கையிலிருக்கும் பழைய பச்சைக்கும் அந்த விதி பொருந்தலாம் என்பதால் முன்பே கேளுங்கள். சிறியதென்றால் மூடும் ஒட்டு வாங்கி ஒட்டிக்கொள்ளலாம். மாதவிலக்கு நாள்களில் பொதுத் தொட்டியில் இறங்குவதில்லை. பிறர் முன் உடையில்லாமல் குளிப்பதை அம்மாவால் எப்படியும் ஏற்க முடியாது என்றால் ‘காஷிகிரி’ என்று கேளுங்கள்: முக்கால் மணி நேரம் போல ஒரு குடும்பம் மட்டும் உள்ளே தாழிட்டுக்கொள்ளும் சிறு குளியலறை. வாழ்நாளில் செய்யாததை எழுபது வயதை நெருங்குபவர் ஒரே நாளில் செய்ய வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள். கூட்டம் குறைந்த நேரம் வேண்டுமென்றால் எல்லோரும் சாப்பிடப் போகும் ஆறரை, அல்லது விடியற்காலை ஐந்து. குளியல் கூடத்துக்குள் கைபேசி வேண்டவே வேண்டாம், படம் எடுக்கும் எண்ணம் இல்லாவிட்டாலும்.

அறையில் யுகாதா அங்கி வைத்திருப்பார்கள். உங்கள் இடப்பக்க மடிப்பு மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வருவது இறந்தவருக்கு உடுத்தும் முறை. பார்த்தால் ஊழியர் ஓடி வந்து திருத்துவார்கள். செருப்பை வாசலில் விடுங்கள், உள்நடைச் செருப்பை ததாமியின் விளிம்பில் விடுங்கள், கழிப்பறைக்கென்று தனிச் செருப்பு.

இரண்டாம் நாளை வெறுமனே விடாதீர்கள். ஆற்றை ஒட்டி மேலே நடந்தால் ஹினாதாமி வரும். அங்கே 1598-ல் கட்டிய, கூரை வேய்ந்த சிறு யாகுஷி கோயில் இருக்கிறது. யாகுஷி என்பவர் பைஷஜ்யகுரு, மருந்தின் புத்தர். கனவில் ஊற்றிருக்கும் இடம் தெரிந்ததாகச் சொல்லும் பழங்கதை இந்த இடத்தோடு சேர்ந்தது. பக்கத்திலேயே ஊர்ப் பொதுக் குளியலறையும் உண்டு. ஊரில் ஊற்று நீரைக் குடிக்கவும் அமைத்திருக்கிறார்கள், வயிற்றுக்கு நல்லது என்று. குடிக்கலாம் என்ற பலகை உள்ள இடத்தில் மட்டும், ஒரு தடவைக்கு 100 முதல் 150 மி.லி.; நாளுக்கு அரை லிட்டரைத் தாண்டக் கூடாது. அப்பாவுக்கு உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தால் ஒரு வாய் சுவை பார்ப்பதோடு நிறுத்தட்டும்.

நீங்கள் சொன்ன அக்டோபர் கடைசி, இலை சிவக்கும் காலம். அறைகள் வெகு முன்பே நிரம்பும், குறிப்பாக சனிக்கிழமை. ஞாயிறு முதல் வியாழன் வரை பாருங்கள், விலையும் இறங்கும். ராத்திரியில் குளிர் அடிக்கும், பழைய கட்டடத்தின் நடையில் இன்னும் அதிகமாக. பெற்றோருக்குக் கம்பளிக் காலுறை எடுத்துப் போங்கள்; குளியலறைக்கும் படுக்கைக்கும் இடையே இருக்கும் அந்தக் குளிர்ந்த நடைதான் வயதானவர்களுக்குத் தொட்டியின் சூட்டைவிட ஆபத்து.